ஆணியில் தொங்கிய டிபன் பை

"மிஷினத் தொட மாட்டேன். சுவத்தப் பாத்தே குத்தவாளி யாருன்னு சொல்றேன். இந்த டீ ஆறதுக்குள்ள," என்றாள் சங்கமித்ரா.

எண்ணூர் கழிமுகத்து நண்டுகூட இதை நம்பாது. கன்டெய்னர் யார்டு மேலாளர் தேசப்பன் நம்புவாரா? "புருடா வுடாதம்மா," என்றார்.

அன்று, 2004 ஜூலையில் ஒரு திங்கள், காலை 8.10-க்குத் திருவொற்றியூர் யார்டின் கேட் கம்ப்யூட்டரில் பாஸ் அடிக்கும் புரோகிராம் செத்துக் கிடந்தது. பாஸ் இல்லாமல் லாரி நகராது. 9.30-க்கு வரிசையின் வால் ஆந்திர எல்லையைத் தாண்டிவிட்டது. கடைசி டிரைவர் தெலுங்கில் திட்டியது தேசப்பன் காதிலேயே விழுந்தது.

புரோகிராம் எழுதிய ஜெரி வந்ததும் கேட் கிளார்க் கார்குழலியைக் கைகாட்டினான். முந்தின சாயங்காலம் 5.42-க்கு இந்தம்மாதான் அழித்தாள், பதிவு இருக்கிறது என்றான். கொதித்துப்போன தேசப்பன் அவள் வேலைநீக்கக் கடிதத்தை அடிக்கச் சொன்னார். ஒரு கையெழுத்துதான் பாக்கி. 10.05-க்கு வந்து சேர்ந்தாள், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வியாசர்பாடி சங்கமித்ரா.

"இன்னாத்தக்கா அழிச்ச?"

"சவுண்டு சமாச்சாரம் மட்டுந்தான். டிஸ்கு ரொம்பி மிஷின் திணறிக்கினு இருந்துச்சு. ஜெரி ஸாரக் கேட்டா, வேணாத்த அழிச்சுக்கோன்னாரு."

"பாஸத் தொட்டியா?"

"என் சோத்துல நானே மண்ணப் போட்டுக்குவனா?"

எடைமேடையில் இதே புரோகிராம் ஓடுகிறதா என்று கேட்டாள் சங்கமித்ரா. ஜம்மென்று ஓடுகிறது, எடை மீறினால் கம்பத்து ஸ்பீக்கரில் சைரன்கூட அலறுகிறது என்று எரிந்து விழுந்தார் தேசப்பன்.

அவள் கேட் ரூம் சுவரைப் பார்த்தாள். ஸ்பீக்கர் மாட்ட அடித்த ஆணி. ஸ்பீக்கர் வரவேயில்லை. அதில் கார்குழலியின் டிபன் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஜெரி, பாஸையும் சைரனையும் ஒரே பேக்கேஜா கட்டினது யாரு?"

நான்தான் என்றான் ஜெரி.

"நீதான் குத்தவாளி. சைரனுக்கு சவுண்டு வேணும். சேத்துக் கட்டினதால பாஸுக்கும் வேணும்னு மிஷின் நெனச்சுக்கினு கீது. அக்கா சவுண்ட எடுத்தாங்க, மிஷின் மூட்டையோட தூக்கிருச்சு. ஸ்பீக்கரே இல்லாத ரூமுக்கு சைரன் எதுக்கு? பிரிச்சுக் கட்ட ஒரு மணி நேரம். அதுக்கு சோம்பேறித்தனப்பட்டுட்டு, இவங்க சோத்துல கை வெக்கிறியா?"

அழிக்கும்போது மிஷின் பட்டியல் காட்டியிருக்குமே என்று முனகினான் ஜெரி. அறுபத்து மூன்று பெயர் இங்கிலீஷில். அதில் மூட்டையின் பெயர் இருந்தது, பாஸ் என்ற பெயர் எங்கேயும் இல்லை.

தேசப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. பத்துப் பேர் சரக்கு ஒரே கன்டெய்னரில். ஒருவன் மிளகாய் மூட்டையைச் சுங்கம் சந்தேகப்பட்டு கன்டெய்னரையே நிறுத்தினால் மற்ற ஒன்பது பேரும் நடுத்தெருவில். இருபது வருஷமாக அவர் சபிக்கிற கூத்து. அதையே ஜெரி அவர் யார்டுக்குள் செய்திருக்கிறான்! வந்த கோபத்தில் டீயை ஒரே மடக்காகக் குடித்தார், நாக்கு வெந்தது. கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

11.25-க்கு பாஸ் ஒரு பேக்கேஜ், சைரன் ஒரு பேக்கேஜ். சோதிக்க, சவுண்டை மறுபடி ஏற்றித் தேசப்பனே தன் விரலால் அழித்தார். பாஸ் கரகரவென்று வெளியே வந்தது. லாரி வரிசை தமிழ்நாட்டுக்குள் ஊர்ந்தது.

காலி கிளாஸ் எடுக்க வந்த டீக்கடை ரஷீது கதையைக் கேட்டுச் சிரித்தார். டீ ஆறுவதற்குள்ளா, சுவரைப் பார்த்தா, யாருக்குக் காது குத்துகிறீர்கள் என்றார்.

தேசப்பன் நாக்கை நீட்டிக் காட்டினார். செக்கச் செவேலென்று இருந்தது.

"நானும் நம்பல பாய். ஆனா நடந்துச்சு."