ஒரு சாண் இடைவெளி

மாமனாரின் சுருட்டுப் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி என்று காட்டியது.

பதினெட்டில் நிற்க வேண்டியது. பெட்டி என்றதும் மரப்பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிக் கதவும், உள்ளே ஒரு சின்ன விளக்கும், தேவதாரு மரத் தட்டுகளுமாக இடுப்புயரம் நிற்கும் மின்சாரக் குளிர்பெட்டி. பெற்ற பெண்ணைக்கூட அந்த மனுஷர் இத்தனை பக்குவமாக வளர்க்கவில்லை என்று தெருவே சொல்லும். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்திலும், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவர் கூப்பிட்டது மாப்பிள்ளையைத்தான். வாயால் இல்லை. ஸ்ட்ரெச்சர் கம்பியில் மோதிரத்தால் இரண்டு தட்டு. டொக், டொக். அந்த வீட்டில் மாப்பிள்ளையைக் கூப்பிடும் முறையே அதுதான்.

"மாப்பிள்ளை, பெட்டியத் தொடாதீங்க. பின்னால ஒரு சாண் இடம் இருக்கணும். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

"சரி மாமா."

எதற்கும் இந்த ஒரே பதில்தான் என்பதால், தெருவில் மாப்பிள்ளைக்குப் பெயரே 'சரி மாமா' என்று ஆகிப்போயிருந்தது.

ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, சரி மாமா அளவு நாடாவோடு மாமனார் அறையில் நின்றார். இரண்டு ஜன்னல் வைத்த அறை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல் மாடிப்படிக்கு அடியில் முதுகை வளைத்து உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்தவருக்கு ஆசை இருக்காதா? தன் மேசையை ஜன்னலோரம் போட்டார். பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவர் அலமாரிக்குள் செருகினார். முதுகு சுவரோடு ஒட்ட, அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திக்கொண்டது.

இப்போது முப்பத்தேழு. மாமனாரோ ரெண்டு நாளில் வீட்டுக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. சுருட்டெல்லாம் வெந்துபோயிருந்தால் ஜன்னலும் போச்சு, மேசையும் போச்சு. மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"ஃபேன் ஓடுதா சார்?"

"ஓடுது. ஆனா இழுத்து இழுத்து ஓடுது."

"பின்னாடி இடம் விட்டிருக்கீங்களா?"

"விட்டிருக்கேனே."

"நிஜமாவா? இதுல கம்ப்ரஸர் கிடையாது சார். உள்ள இருக்கிற சூட்ட எடுத்து முதுகு வழியா வெளிய தள்ளும், அவ்வளவுதான். முதுக அடைச்சா எங்க தள்ளும்? அதுவும் மூச்சு விடணும்ல?"

மெக்கானிக் சிரித்தார். சரி மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே பகல் வெளிச்சம் இருந்தும் மழை மூட்டத்தில் அறை சாம்பலாகக் கிடந்தது. அலமாரிமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காது கொடுத்தார். ஃபேன் சத்தம் ஒரே சீராக இல்லை. மெல்ல இழுத்து, எங்கோ ஒரு படியில் நின்று யோசித்து, பிறகு கீச்சென்ற ஓசையோடு விட்டது. அது விடும்போதெல்லாம் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்தது, இழுக்கும்போது சுருங்கியது. ஈரப்பதம் காட்டும் வட்டமானியின் முள்ளும் கூடவே ஏறி, கூடவே இறங்கியது. கதவிடுக்கில் கசிந்த வாடை சுருட்டு வாடை மட்டுமல்ல. விடிகாலையில் பல் துலக்குமுன் மாமனார் பக்கத்தில் வந்து நின்றால் அடிக்குமே, அந்த வாடை.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி.

"ஏங்க, அப்பாவுக்கு மறுபடி திணறுது. யாரோ முதுகைச் சுவத்தோட வெச்சு அழுத்துற மாதிரி இருக்குங்கிறாரு. டாக்டருக்கே ஒண்ணும் பிடிபடல."

சரி மாமா பெட்டியைப் பார்த்தார். ஒரு கையில் போன். மறுகையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண் வெளியே வந்தது. ஃபேன் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"அப்பாடா," என்றாள் மனைவி. "இப்ப சீராகுது. கண்ணத் தெறக்கிறாரு. உங்களத்தான் கேக்கிறாரு."

"என்னையா? என்ன கேக்கிறாரு?"

"'மேசைய யார் போட்டது'ங்கிறாரு. எந்த மேசைங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மாடிப்படி இருட்டு ஞாபகம் வந்தது. காலம் பூராவும் அந்த இருட்டு. காலம் பூராவும் டொக், டொக்.

முழங்காலை வைத்துப் பெட்டியை உள்ளே தள்ளினார்.

"ஏங்க! ஐயோ, திரும்பவும்... நர்ஸக் கூப்பிடுறேன், வெச்சுடாதீங்க!"

தற்செயல் இல்லை. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் இழுத்துவிட்டிருக்கலாம். ஒரு சாண்தானே. கையும் நீண்டது.

பெட்டியை நோக்கி இல்லை. பிளக்கை நோக்கி.

பிடுங்கினார்.

ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. முள் சரிந்து விழுந்தது. மழை மட்டும்.

போனில் ஓட்டம். கட்டில் சக்கரம். யார் யாரோ. பிறகு எதுவும் இல்லை. பிறகு மனைவி, சின்னக் குழந்தைக் குரலில்.

"அப்பா போயிட்டாருங்க."

இணைப்பு அறுந்தது.

தரையில் அப்படியே உட்கார்ந்தார். உள்ளங்கையில் பிளக். மூன்று முனையும் குத்தும்படி இறுகப் பிடித்திருந்தார். முடிந்தது. அழ வேண்டும், உடனே கிளம்ப வேண்டும். எழுந்தார்.

விளக்கு எரிந்தது.

பெட்டிக்குள்.

பிளக்கைப் பார்த்தார். கையில்தான் இருந்தது.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சுருங்கவில்லை. படர்ந்துகொண்டே போனது. வெள்ளை. முழுக்க வெள்ளை. முப்பத்தேழு.

உள்ளிருந்து, கண்ணாடிமேல்.

டொக். டொக்.

"சரி மாமா," என்றது அவர் வாய். அவர் சொல்லவில்லை. பழகிய வாய்.

கை போனது. அதுவும் பழகிய கை. கைப்பிடி உடம்புச் சூட்டில் இருந்தது. அவர் இழுக்கவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது.

அந்த இடைவெளியில் முதலில் வந்தது மோதிரம்.