கரையில் இறங்கியவள்

இரண்டு சூட்கேஸ்களோடும் ஒரு மிக்ஸியோடும் அவள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பழைய கட்டடம், மூன்றாவது மாடி. படிக்கட்டில் எப்போதும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. சமையலறை மேடையில் ஏற்கெனவே ஒரு மிக்ஸி இருந்தது. அதை நகர்த்தலாமா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு தன்னுடையதை அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மேடையிலிருந்த மிக்ஸியை வாங்கிய முதல் மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆனாலும் மேடை அவளுடையதாகவே தெரிந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சரிசெய்துவிட்டு, தன் வீட்டுக்கு மூன்று மாடி மூச்சுவாங்க ஏறுகிறவன். யாரும் கேலி செய்வதற்குள் அவனே அதைச் சொல்லிச் சிரித்துவிடுவான். இவள் காது மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதிப்பவள் என்பதால் 'காது மேடம்' என்று கூப்பிடுவான். அந்தக் கேலியில் கொஞ்சம் காதல் இருந்தது. அதை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அவனுடைய மகளுக்குப் பத்து வயது. வீட்டில் வாலு என்று பெயர். அந்த வாலுத்தனம் எதையும் இவளிடம் காட்டவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்த மரியாதைதான் வலித்தது. சித்தி என்று கூப்பிடும்படி அப்பா சொன்னபோது இரண்டு மூன்று தடவை முயன்றாள், வாயில் ஒட்டவில்லை, விட்டுவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து நிற்பாள். இவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு பேசுவாள்.

இவள் ஆசைப்பட்டது சித்தி என்ற வார்த்தைக்கு அல்ல. அம்மா என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அதைக் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அவளுடைய சூட்கேஸ்களுக்கு இடம் பண்ணப் பரணைக் காலிசெய்தபோதுதான் அந்தக் கம்ப்யூட்டர் அகப்பட்டது. பெருத்த திரை, மஞ்சளேறிய கீபோர்டு. தூசியை ஊதி, ஒரு வயரை மாற்றி, கணவன் அதற்கு உயிர் கொடுத்துவிட்டான். திரையில் ஒரு ஆறும் ஒரு படகும் தெரிந்ததும் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"நம்ம படகுடா வாலு."

மூன்று பேர் ஒரே கீபோர்டில் விளையாடும் விளையாட்டு. இடப்பக்க எழுத்துகள் இடது துடுப்பு, அது அப்பா. வலப்பக்க அம்புக்குறிகள் வலது துடுப்பு, அது வாலு. அப்போது அவளுக்கு ஐந்து வயது, அம்மா மடியில் உட்கார்ந்துதான் துடுப்புப் போடுவாளாம். நடுவில் இருக்கும் இரண்டு எழுத்துகள் சுக்கான், அது அம்மா. சுக்கான் பிடிப்பவர் திருப்பாவிட்டால் படகு பாறையில் மோதிவிடும். படகின் ஓரத்தில் மூன்று பெயர்கள் அப்படியே இருந்தன. அப்பா, வாலு, அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். அறை அரையிருட்டானது. சூடேறிய பழைய தூசி மணத்தது. இவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்தக் கீபோர்டின் சத்தத்தைக் கேட்டாள்.

கேட்பதுதான் அவள் வேலை. கணவனுடையது இரும்பைத் தட்டிப் பழகிய அழுத்தம். குழந்தையுடையது படபடவென்று.

மூன்றாவதாக ஒன்று கேட்டது.

நிதானமான, நீளமான அழுத்தம். விரலை வைத்து, அமுக்கிப் பிடித்து, மெல்ல விடுகிற சத்தம்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். இருவரும் சேர்ந்து உட்காரவில்லை. நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அப்படிப் போடும்படி யாரும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. கணவனின் கைகள் இடப்பக்கம், குழந்தையின் கைகள் வலப்பக்கம். படகு பாறையை நெருங்கியது.

நடுவிலிருந்த எழுத்து ஒன்று தானாகக் கீழே இறங்கியது.

படகு அழகாகத் திரும்பியது. வாலு கைதட்டினாள். பழைய விளையாட்டு, யாரும் பிடிக்காவிட்டால் தானே திருப்பிக்கொள்ளும் போல என்றான் கணவன். அவன் கண் திரையைவிட்டு நகரவில்லை.

அந்த இடத்தில் அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பொறாமை. நாக்கின் அடியில் துரு மாதிரி கசந்தது. செத்துப்போன பிறகும் ஒருத்திக்கு நாற்காலி போட்டு வைக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவள் கையில் பாத்திரத் துணியோடு வாசலில் நிற்கிறாள்.

தானும் வரட்டுமா என்று கேட்டு, நடு நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ சாய்ந்திருந்த மாதிரி.

"அங்க வேணாம்," என்றாள் வாலு. கோபமில்லை, பிடிவாதமில்லை. பஸ்ஸில் ஆள் வருகிறது என்று சொல்வதைப் போல. "அது அம்மா இடம்."

அடுத்து வந்த புதன்கிழமை அவளுக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. வீட்டில் யாருமில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

அம்மா என்ற பெயரின் மேல் மவுஸின் அம்புக்குறியைக் கொண்டு நிறுத்தினாள். அழித்துவிட்டு, அதே இடத்தில் அதே வார்த்தையைத் திரும்ப அடித்துவிட்டால் குழந்தைக்குத் தெரியப்போவதில்லை. அது எந்த அம்மா என்பது தனக்கு மட்டும் தெரிந்தால் போதும். சின்னத் திருட்டுதான். யாருக்கு என்ன நஷ்டம்?

திரையில் ஒரு கேள்வி வந்தது. இவரைக் கரையில் இறக்கிவிடலாமா?

ஆமாம் என்று அழுத்தினாள்.

படகு ஓரம் கட்டியது. சுக்கானுக்குப் பின்னால் இருந்த கட்டைவிரல் அளவு பொம்மை எழுந்து நின்றது. கரையில் கால் வைத்தது. காட்டுப் பக்கம் போகும் என்று இவள் எதிர்பார்த்தாள். அது திரும்பியது. இந்தப் பக்கமாக, திரையை நோக்கி நடந்து வந்தது. வர வர வளர்ந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாக நிறம் மட்டும். கடைசியில் திரை முழுக்கப் புடவையின் நீலமாகி, பிறகு அதுவும் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடி அறையில், மூடிய ஜன்னல்களுக்குள், ஆற்றங்கரைச் சேற்றின் வாசனை எழுந்தது.

அவள் அவசரமாகக் காலி இடத்தில் அம்மா என்று அடித்துவிட்டு மிஷினை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் அவளுக்காகப் பரிந்து பேசினான். படகைத் திருப்ப ஆள் வேண்டாமா, ஒரு தடவை உட்காரட்டுமே என்று கெஞ்சி, கொஞ்சி, ஐஸ்கிரீம் வரைக்கும் பேரம் போனான். வாலு ஒப்புக்கொண்டாள். இவள் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு தோள்கள் இரண்டு பக்கமும் உரசின. எத்தனை நாள் ஆசைப்பட்ட கதகதப்பு. நாற்காலி மட்டும் சில்லென்று இருந்தது.

படகு முதல் பாறையிலேயே மோதியது. இரண்டாவது தடவையும் மோதியது. காது மேடத்துக்குக் கண் சரியில்லை என்று கணவன் சிரித்தான். வாலு சிரிக்கவில்லை. துடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரையை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா இதுல இல்லப்பா."

பிறகு மெதுவாகத் திரும்பி அறையைப் பார்த்தாள். அலமாரி, கட்டில், கதவு. கதவுக்கு அப்பால் நடைவழியில் அவள் பார்வை நின்றது. அங்கே ஒன்றுமில்லை.

குழந்தை புன்னகைத்தாள்.

மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன், சத்தம் புகாத அந்தச் சின்ன அறையில் அவளே உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, தன் காதை வைத்துக் கருவியைச் சோதித்துக்கொள்வாள். மறுநாள் காலை கனத்த கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, ஏதோ ஒன்று குறைவது போல் இருந்தது. எது என்று புரியக் கொஞ்ச நேரமானது.

புதன்கிழமையிலிருந்து வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் இங்கே இல்லை. ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். மெலிதாக இருந்ததால் மேல் மாடி வீட்டுக்காரர்கள் என்று விட்டிருந்தாள்.

ஆனால் இவர்கள் இருக்கும் மூன்றாவது மாடிதான் கடைசி மாடி.

அன்று மாலை கணவனிடம் கேட்டாள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. வேலைக் களைப்பு என்றான், நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, வாலு இந்த வாரம் நன்றாகச் சாப்பிடுகிறாள் கவனித்தாயா, தானாகவே தலையைப் பின்னிக்கொள்கிறாள், எல்லாம் நீ வந்த நேரம் என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

குழந்தையின் பின்னலை இவள் அப்போதுதான் பார்த்தாள். உச்சியிலிருந்து முடியெடுத்து, ஒரு பிசிறில்லாமல் பின்னப்பட்டிருந்தது. பத்து வயதுக் கை பின்னால் எட்டாத இடத்திலும்.

அடுத்த புதன், வீட்டில் ஆளில்லாத நேரம், அவள் மறுபடியும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தன் கையால் அடித்த பெயரை அழித்தாள். கரையில் இறக்க வழியிருந்தது. இறங்கியவரைத் திரும்ப ஏற்றிக்கொள்ள எங்கும் வழியில்லை. எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தாள். படகு காலி இடத்தோடு ஆடிக்கொண்டு நின்றது.

"வந்து ஏறிக்கோங்க," என்றாள், யாருமில்லாத அறையைப் பார்த்து. "நான் எழுந்துக்கறேன். உங்க நாற்காலிதான். வந்துடுங்க."

செருப்புச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

சேற்று வாசனை.

காதருகே ஒரு மூச்சு. எத்தனையோ பேரிடம், மெலிசான சத்தம்கூட வந்தால் கையைத் தூக்குங்கள் என்று சொன்னவள். அவளால் ஒரு விரலைக்கூடத் தூக்க முடியவில்லை.

சத்தம் அவளைக் கடந்து போனது. நாற்காலியைத் தொடவில்லை. இழுத்து இழுத்து, அவசரமில்லாமல், வீட்டு வேலை இருக்கிறவளைப் போலச் சமையலறைப் பக்கம் போனது.

சொந்த வீடு கிடைத்தவளுக்குப் படகு எதற்கு?

அவள் எழுந்து பின்னாலேயே ஓடினாள். இந்தத் தடவை பயம்தான். ஆனால் பயத்துக்கும் அடியில் அந்தத் துருவின் கசப்பு அப்படியே இருந்தது. இது என் சமையலறை என்று சொல்ல வாயெடுத்தாள். அங்கே யாருமில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு அடங்கட்டும் என்று நின்றாள்.

வாசல் கதவு திறந்தது. பள்ளிக்கூடப் பை தரையில் விழுந்தது. பிஞ்சுக் கால்கள் ஓடி வந்து சமையலறை வாசலில் நின்றன.

"அம்மா, பசிக்குது."

அவள் உடம்பே சிலிர்த்துப்போனது. பயம், பொறாமை, சேற்று வாசனை எல்லாம் ஒரு நொடியில் கரைந்து, கண் நிறைந்தது. இதோ கண்ணு, என்னடா வேணும் என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு திரும்பினாள்.

வாலு அவளுடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கைகளைக் கவனித்ததும், எப்போதும் போல மரியாதையாகத் தலையை ஆட்டினாள்.

"உங்கள இல்ல."

அவளுக்குப் பின்னால் அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.