நான் சொல்லாத 'சரி'

மல்லாவியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வரம்பால் நடந்து அந்தக் கலியாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. வவுனியா ஸ்ரூடியோவில் மயில்வாகனம் அண்ணர் முதலாவது படப்பிடிப்பாளர்; நான் இரண்டாவது. அறுபத்து நாலாம் ஆண்டு, தை மாதம். பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் மணவறையை அண்ணர் எடுப்பார். நான் பிலிம் போடாத கமராவோடு சனத்துக்குள் புகுந்து வெறும் வெளிச்சம் அடித்துத் திரிவேன்.

"தங்களையும் எடுக்கினம் எண்டு சனம் சந்தோசப்படட்டுமன்" என்பார் அண்ணர். எனக்கும் அது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

நெல் மூட்டை அடுக்கிய பின்னறையில் பெண்ணின் தாய் நாகேஸ்வரி தனியே நின்றிருந்தார். கணவனை இழந்தவர் என்று மணவறைப் பக்கம் வரவில்லை. பெட்டிக்குள் கிடந்து எடுத்துக் கட்டியிருந்த வெள்ளைச் சேலையில் பூச்சி உருண்டை மணத்தது.

"தம்பி, என்னையும் ஒண்டு எடுப்பீங்களே? நான் ஒருநாளும் படத்துக்கு நிண்டதில்லை. பிள்ளை முல்லைத்தீவுக்குப் போகுது, கொண்டுபோகட்டும்."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெறும் கமராவைத் தூக்கினேன்.

"நாடியை நிமித்துங்கோ அம்மா. நான் 'சரி' எண்டு சொல்லுமட்டும் ஆடக்கூடாது. கண்ணும் வெட்டக்கூடாது."

மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். வெளிச்சம் அடித்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணர் கூப்பிட்டார். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கலியாணப் பெண், மகள் நேசமலர் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். தாய் காய்ச்சலில் செத்துப்போனாராம். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வைக்கப் படம் வேண்டுமாம். வீட்டில் வேறு படம் கிடையாது.

"பிலிமிலை வெளிச்சம் பட்டுப் பழுதாப்போச்சு, தங்கச்சி" என்று நா கூசாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை.

"அம்மா கடைசிமட்டும் பிதற்றிக்கொண்டு கிடந்தவா. 'அந்தத் தம்பி இன்னும் சரி எண்டு சொல்லேல்லைப் பிள்ளை, நான் அசையலாமோ?' எண்டு."

பாவி நான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

வைகாசியில் வவுனியாவிலேயே ஒரு கலியாணம். இனி வெறும் கமரா தூக்குவதில்லை என்று அண்ணரோடு சண்டை பிடித்து ஒரு பிலிம் வாங்கிப் போட்டிருந்தேன். கமராவை அண்ணர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பந்தியில் சாப்பிட்டு எழும்பி வந்து, அதை நெஞ்சளவில் பிடித்து மேல்கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன். பட்டப்பகல். சனம் சிரித்துக் கதைத்து அசைந்துகொண்டிருந்தது.

ஒருத்தர் மட்டும் அசையவில்லை.

வெள்ளைச் சேலை. நிமிர்ந்த நாடி.

தலையை நிமிர்த்தினேன். அந்த இடத்தில் வெறும் சுவர். குனிந்தேன். நின்றார். கண் வெட்டவேயில்லை. பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது.

படம் எடுத்தேன்.

"சரி அம்மா" என்றேன் மெல்ல. "சரி. போதும்."

கண்ணாடிக்குள் அவர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு காணவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தைக் கழுவி நேசமலரின் கையில் கொடுத்து, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஸ்ரூடியோவுக்கு வந்தேன்.

இருட்டறைக் கதவைப் பூட்டிவிட்டுக் கமராவைத் திறந்தேன். விரலால் தடவினேன்.

உள்ளே ஒன்றுமில்லை.

"அண்ணை! என்ரை பிலிம் எங்கை?"

கதவுக்கு வெளியே இருந்து அவர் குரல் வந்தது.

"நீ பந்தியிலை இருக்கேக்கை நான் எடுத்திட்டனடா. என்ரை முடிஞ்சுபோச்சு. உனக்கு வெறும் வெளிச்சம் போதாதே?"

இரண்டாம் முறையும் அந்த அம்மாவை ஏமாற்றிவிட்டேன். அதுமட்டுமா? இந்த முறை 'சரி' என்றும் சொல்லிவிட்டேன்.

இனி அவர் அசையலாம்.

பூட்டிய அறைக்குள், எனக்குப் பின்னால், பூச்சி உருண்டை மணத்தோடு ஒரு சேலை சரசரத்தது.