ஹாஜறாவின் மூன்றாவது மீசான்

மூன்று தடவை கூட்டியாகிவிட்டது. கூடத்து மூலையில் மறுபடியும் ஈர மணல். கடற்கரையோ முக்கால் மைல் தள்ளி. ஹிமாயா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, மணலுக்கு நடுவே நின்ற கல்லை முறைத்தாள். எல்லாம் கணவன் பாயிஸால் வந்த வினை.

ஒரு மாதமாக அவள் தன் குடியின் தாய்வழியைத் தேடி எழுதிக்கொண்டிருந்தாள். ஒலுவில் கரையில் தாழங்காட்டை வெட்டி, கிணறு தோண்டி, முதல் வீடு போட்ட ஹாஜறாதான் மூத்தவள். அவளிடமிருந்து மகளுக்கு, மகளின் மகளுக்கு என்று வீடுகள் இறங்கி வந்தன. ஆண்கள் மாப்பிள்ளையாக வந்து போனவர்கள்தான். தாளில் ஏழு பெயர்கள். ஆறாவது ஹிமாயா, கடைசி அவளுடைய ஏழு வயது மகள் றிஸ்லா. வீடுகள் இருந்த ஊர்களையும் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒழுங்காகக் குறித்திருந்தாள்: ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கடைசியாக அவள் இருக்கும் கல்முனை.

கடல் ஒலுவில் மையவாடியை அரித்துக்கொண்டு வருகிறது, ஹாஜறாவை அடக்கிய கபுறைப் படம் எடுத்து வாங்க என்றுதான் காலையில் கணவனை அனுப்பினாள். மனுஷன் கபுறில் நட்டிருந்த மீசான் கல்லையே பிடுங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"கடல் கொண்டு போயிரும் ஹிமாயா. நடுவில இருந்த ஒண்டாவது நம்மட கையில இரிக்கட்டுமே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு உம்மாவின் தங்கை, நிந்தவூர் சாச்சி அழைத்தாள். "மகள், ஊடு முழுக்க ஈர மணல். வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஆரோ நடந்திரிக்காங்க."

பின்னேரம் அஸருக்கு மூத்தவள், சாய்ந்தமருது ராத்தா. "ஒவ்வொரு அறையா எட்டிப் பாத்துட்டுப் போன மாதிரி இரிக்கிடி."

ஹிமாயா ஒலுவில் பள்ளிவாசல் மோதினார் கச்சிமுகம்மதுவுக்கு அழைத்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் கிழவர் பதறிப்போனார்.

"ஆம்புளைக்கு ரெண்டு கல்லு, பொம்புளைக்கு மூணு. நடுக்கல்லப் புடுங்கினா அது ஆம்புளைட கபுறாப் போச்சே மகள்! அதுக்குள்ள அவ எப்படி இரிப்பா?"

"அப்ப எங்க போவா?"



"வயசான உம்மா எங்க போவா? மகள்ட ஊட்டுக்குத்தான். கல்ல உடனே கொண்டு வாங்க. புள்ள கவனம்."

அவள் பாயிஸை அழைத்துக் கத்தினாள். வாறன், வாறன் என்றான். ஒரு கையால் அவன் தூக்கி வந்த கல்லை இப்போது இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, சீமெந்துத் தரையில் கோடாக இறங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளறைப் பக்கம் போனது. றிஸ்லா அங்கேதான் படம் கீறிக்கொண்டிருந்தாள். ஹிமாயா யன்னல்களை அடித்துச் சாத்தினாள். முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு தொடங்கியதும் கரண்ட் போனது.

அழுகிய தாழம்பூ வாசம். உப்பு. பாசி பிடித்த கிணற்றின் குளிர்.

கைபேசியின் வெளிச்சத்தைத் தாளில் பிடித்தாள். தாள் நனைந்திருந்தது. ஹாஜறாவின் பெயர் மட்டும் மை கலையாமல் நின்றது. அதற்குக் கீழே நீலக் கறை. அடுத்ததும் கறை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவது பெயர் கரைந்தது. மிஞ்சியது இரண்டு. மேலே ஹாஜறா. கீழே றிஸ்லா.

உள்ளே பிள்ளை சிணுங்கினாள்.

"மெல்ல உம்மா. முடி இழுக்குது."

ஹிமாயா கூடத்தில் நின்றாள். பெற்ற வயிறு விடவில்லை. திரைச்சீலையை விலக்கினாள்.

றிஸ்லா தரையில் இருந்தாள். பின்னால் கட்டிலில் யாரோ. நகமில்லாத விரல்கள் தலைமயிரை மூன்றாக வகிர்ந்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் மணல் உதிர்ந்தது.

"றிஸ்லா, வாம்மா. உம்மாட்ட வா."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். அரண்டுபோனாள். பின்னால் நகர்ந்து, அந்த ஈர மடிக்குள் ஒண்டிக்கொண்டாள்.

"உம்மா, வாசல்ல நிக்கிற பொம்புள ஆரு?"

மணல் அப்பிய கை ஒன்று இறங்கி வந்து, பிள்ளையின் கண்களை மெல்லப் பொத்தியது.