சத்தம் போடாத விசிறி

தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த கணினி ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் அணைந்தது.

வீடியோவில் அவர் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பாள். மருத்துவமனைக்குக் கடைசியாகக் கிளம்புமுன், அவர் வெளியே போயிருந்த நேரத்தில், அவளே பதிவு செய்தது. “நான் போனதுக்கு அப்புறம் நீங்க...” என்பாள். திரை கறுத்துவிடும். பிறகு சூடான தூசியின் வாடையும், இரைந்து அடங்கும் விசிறியின் ஓசையும்தான். இரவெல்லாம் ஆறிக் கிடந்த பெட்டியை விடிந்ததும் இயக்கினாலும் அங்கேதான் அணைந்தது. வேறு கணினியில் அந்தப் பதிவு திறக்கவே இல்லை. நீங்க என்ன? அந்த மிச்ச வாக்கியம் தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“பிராசசர் கொதிச்சா தானா அணைஞ்சுக்கும், அத்தான்,” என்றான் கணினி பழுது பார்க்கும் மைத்துனன், தொலைபேசியில். “அதைக் குளிர வைக்கிற கூலரை மாத்துங்க. உங்களது தட்டைப் பெட்டி, குட்டையான கூலர்தான் அடங்கும். உயரத்தை அளந்துட்டு வாங்குங்க. போன தடவை மாதிரி மூடி மூடலைன்னு அது மேல ஏறி உட்காராதீங்க.”

“நான் எங்கடா உட்கார்ந்தேன்? உங்க அக்கா உட்கார்ந்தா.”

இருவரும் சிரித்தார்கள்.

அவர் அளவுகோலைப் பெட்டிக்குள் நிறுத்தி அளந்தார். கடையில் மலிவாகக் கிடைத்த கூலருக்குச் சின்ன விசிறி. வேகமாகச் சுற்றி அலறும். அவள் குரலோ பதிவிலேயே தேய்ந்திருந்தது. அதனால் செப்புக் குழாய்கள் மடிந்து படுத்திருக்கும், அகல விசிறி மெதுவாகச் சுற்றும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் நிற்கும் மெமரிச் சில்லில் இடிக்குமோ என்று, வாங்குமுன் அதே அளவில் அட்டை வெட்டி உள்ளே வைத்துப் பார்த்தார். இடிக்கவில்லை.

மழை பிடித்த ஒரு மாலையில், வெப்பம் கடத்தும் பசை தடவி, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். மூடி படிந்து உட்கார்ந்தது. இயக்கினார். அத்தனை அமைதி. ஜன்னல் கம்பியில் நீர் சொட்டுவதுகூடக் கேட்டது. திரையின் ஓரத்தில் வெப்ப அளவு தாழ்ந்தே நின்றது.

“நான் போனதுக்கு அப்புறம் நீங்க...”

அவர் திரைக்கு நெருங்கிக் குனிந்தார்.

“...இப்படித்தான் தனியா உட்கார்ந்து இதையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. எனக்குத் தெரியாதா?”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சேர்ந்து வாழ்ந்த நாட்களில் அவள் கேலி செய்வதுபோலவே இருந்தது.

திரையின் அடியில் ஓடும் பட்டை கடைசிக்கு வந்து நின்றது. பதிவு முடிந்துவிட்டது.

அவள் எழுந்து போகவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கையைப் பார்த்தாள். பிறகு நேராக அவரைப் பார்த்தாள்.

“என்னங்க, ரொம்பச் சுடுது.”

திரையோரத்தில் பெட்டியின் வெப்ப அளவு இறங்கியது. மேலும் இறங்கியது. அவள் முகம் சிவந்தது.

“அணைச்சிடுங்களேன்.”

ரிமோட்டை அழுத்தினார். திரை அணையவில்லை. மறுபடி அழுத்தினார்.

“இவ்வளவு நாளும் நானே அணைச்சுக்கிட்டேன்,” என்றாள். கோபமில்லை. களைப்பு மட்டும். “இப்ப முடியலைங்க. அந்தச் சூடெல்லாம் இங்கதான் வருது.”

தரையில் தவழ்ந்தார். கணினியின் மின்கம்பியைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரையில் படம் அணையவில்லை. பெட்டியின் மேல் கை வைத்தார். ஐஸ்கட்டி. விரல்கள் ஒட்டிக்கொண்டன.

அவளைக் கூப்பிட்டார்.

அவள் உள்ளங்கையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். பதித்த இடத்தில் தோல் கொப்புளித்தது. அவள் தலைமுடியின் நுனிகள் ஒவ்வொன்றாகச் சுருளத் தொடங்கின. அவர் விரல்களுக்குக் கீழே விசிறி, சத்தமே இல்லாமல், சுற்றிக்கொண்டிருந்தது.