பூ ஆகாத அறை

உத்திரமேரூரைத் தாண்டி, பெருநகர் சாலையில் வயலோரமாக நிற்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்குத் திலகா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலையில் இருந்த மல்லியை எடுத்து கேட்டிலேயே மாட்டினாள். பூ வாசம் பட்டாலே உள்ளே வளரும் கருமுட்டைகளுக்கு ஆகாது என்று, மகள் இருந்தபோதே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மகள் திவ்யாவுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றினால் பிள்ளை பெறும் வாய்ப்பே போய்விடும் என்று, முன்கூட்டியே சினைப்பையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து உறைய வைத்தார்கள். பிழைத்து வந்து கல்யாணம் கட்டினால் உதவும். பாவம், பிழைக்கவில்லை. அந்தத் துணுக்கு, இந்தக் கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் சுகிர்தாவிடமே தங்கிவிட்டது. நுங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கும் ஜெல் உருண்டைக்குள், அதிலிருந்த கருமுட்டையை வைத்து வளர்த்துப் பார்த்தாள். எத்தனையோ பேருடையது பாதியில் நின்றுபோன இடத்தில், திவ்யாவின் முட்டை மட்டும் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது.

"பூவாடைக்காரி கும்பிட்டோம் மேடம்," என்றாள் திலகா மெதுவாக. "கல்யாணம் ஆவாம செத்த பொண்ண ஆத்துலருந்து கரகத்துல வூட்டுக்குச் சாமியா அழைக்கணும். அழைச்சி அழைச்சிப் பாத்தோம், வரல. ஒடம்புல ஒரு பங்கு இங்க உசுரோட கீதே, எப்பிடி வருவா? குடுத்துடுங்க. ஆத்துல கரைச்சிட்டு இன்னிக்கே அழைக்கிறோம்."

சுகிர்தாவுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இத்தனை வருஷ உழைப்பு அந்த ஒரு முட்டைதான். உள்ளே போய், வெறும் ஜெல் உருண்டை ஒன்றைக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். திலகா அதை முந்தானையில் முடிந்துகொண்டு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது உள்ளறையில் மல்லி வாசம் வந்தது.

காற்றுகூட வடிகட்டித்தான் நுழையும் அறை அது.

வாசம் ஏறிக்கொண்டே போனது. ஆற்றுப் பாசியின் வாடையும் கூடவே வந்தது. சுகிர்தா பதறிப்போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். எல்லா முட்டைகளும் கருத்துப்போயிருந்தன.

திவ்யாவுடையது மட்டும் முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

போன் அடித்தது.

"வரல மேடம்." திலகாதான். "சாமி எறங்கினவ இன்னா சொல்றா தெரியுமா? 'அந்த அக்கா என்ன வுடல, அவகிட்டயே இருந்துக்கறேன்'னு அழுவறா. நீங்க இன்னா குடுத்தீங்க?"

"தப்பு பண்ணிட்டேம்மா. இதோ, நானே எடுத்துக்கினு வரேன்."

திவ்யாவின் தட்டைக் கையில் எடுத்தாள்.

உருண்டைக்குள் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் தலை கனப்பது தெரிந்தது. முடியை மூடியிருந்த ஆய்வகத் தொப்பியைக் கழற்றினாள். கூந்தலில், ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு முழம் மல்லி.