ஓர் அங்குலச் சதுரம்

முந்தைய நாள் மாலை அவள் மடித்து வைத்த வெள்ளைச் சட்டையின் இடது கை, காலையில் உட்புறம் வெளியே தெரியும்படி திரும்பிக் கிடந்தது. வலது கை வைத்தது வைத்தபடி இருந்தது. பிறந்த குழந்தைக்கான சட்டை. அவளுடைய மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்துப் பார்த்தால் சட்டைக் கை அந்த நீளத்தைத் தாண்டாது. அவ்வளவு சிறிய கை தானாகத் திரும்பாது. விரலை உள்ளே விட்டு, துணியின் நுனியைப் பற்றி, பொறுமையாக இழுக்க வேண்டும். அவள் அப்படித்தான் இழுத்து அதை நேராக்கினாள். இஸ்திரிப் பெட்டியின் நுனியால் தையலை ஒருமுறை தடவி, சட்டையை மீண்டும் இழுப்பறையில் வைத்தாள்.

கணவனிடம் கேட்டபோது அவன் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாது.

"நான் எதுக்கும்மா அதைத் தொடப் போறேன்? என் கை கிரீஸ் கை. பட்டுச்சுன்னா நீ என்னையே ஊற வச்சுக் கொடியில காயப் போட்டுருவ."

அவள் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே அவன் பதினான்கு மாதங்களாக இப்படிப் பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். சிரிக்காவிட்டால் அவன் முகம் என்னவாகும் என்பதும் தெரியும்.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடமொன்றில் அவள் தலைமை வெட்டுநர். அங்கே எல்லோருக்கும் 'கட்டிங் அக்கா'. நாற்பது மடிப்புத் துணியை ஒரே அடுக்காக வெட்டினாலும் மேல்துண்டுக்கும் அடித்துண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இராது. கத்திரிக்கு முன்னால் அளவுநாடா என்பது அவள் எல்லோருக்கும் ஓதும் மந்திரம். ஆனால் குழந்தைத் துணி அவளுக்குப் புதிது. அதனால்தான் முதல் பிள்ளை வயிற்றிலிருந்தபோது, யாரோ ஒரு தாய் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த வடிவத்தாள்களைத் தரவிறக்கிக்கொண்டாள். பதினைந்து தாள், ஒட்டுநாடாவால் ஒட்டிச் சேர்த்தால் ஒரு முழுச் சட்டை. பிறந்த குழந்தை, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வயது என்று ஒவ்வோர் அளவும் ஒரு கோடு. குளத்தில் கல் விழுந்ததுபோல ஒன்றைச் சுற்றி ஒன்று விரிந்திருக்கும். முதல் தாளின் மூலையில் ஒரு சதுரம். 'வெட்டும் முன் இதை அளந்து பாருங்கள்; சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

அவள் அளக்கவில்லை. அளவுநாடாவை எடுத்த நேரத்தில் பிள்ளை உதைத்தது. நாடாவைப் போட்டுவிட்டுக் கணவனைக் கூப்பிட்டு, அவன் கையை வயிற்றில் வைத்து, இருவரும் சிரித்துவிட்டு வந்தபோது நேரே கத்திரியைத்தான் எடுத்தாள். தாளில் அடங்குமாறு சுருக்கி அச்சிட்டிருந்தது அச்சுப்பொறி. சதுரம் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தது. ஊருக்கெல்லாம் அளவு பார்த்தவள், தன் பிள்ளைக்குப் பார்க்கவில்லை.

அவன் அழாமலே பிறந்தான். அந்தத் தாளை வைத்து வெட்டித் தைத்த மஞ்சள் சட்டையைத் தானே போட்டுவிடக் கேட்டாள். அவள் பின்னிய கம்பளித் தொப்பி பொருந்தியது; பின்னல் இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். துணி கொடுக்காது. வலது கை எப்படியோ நுழைந்தது. இடது கை நுழையவில்லை. அந்தச் சின்னஞ்சிறு முழங்கை மடங்கவும் இல்லை. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். செவிலி அவள் தோளைத் தொட்டாள்.

"போதும்மா, இழுக்காதீங்க. ஒரு கை வெளியவே இருக்கட்டும். அவனுக்கு இனிமே குளிராது."

ஒரு கை வெளியே இருந்தபடியேதான் அவன் பெட்டிக்குள் போனான்.

இப்போது இரண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாதம். மதிய உணவுக்குப் பின் பிள்ளை அசைவதை எண்ணச் சொல்லியிருந்தார் மருத்துவர்: இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு; குறைந்தால் எதையும் யோசிக்காமல் ஓடிவர வேண்டும். அவள் குண்டூசியால் எண்ணினாள். பீங்கான் தட்டில் பத்து ஊசி; ஓர் அசைவுக்கு ஓர் ஊசி தட்டிலிருந்து எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தப்படும். தட்டு காலியாகும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

மறுநாள் அந்த வெள்ளைச் சட்டையின் இடது கை விளிம்புத் தையல் தெறித்திருந்தது. அறுத்ததுபோல அல்ல, உள்ளிருந்து ஏதோ அகலமானது முட்டித் தள்ளியதுபோல. பிரித்துத் தைத்தாள். அதற்கும் மறுநாள் சட்டையின் முழங்கை உப்பியிருந்தது. விளிம்பு ஈரமாக இருந்தது. ஈரத்தின் நடுவே அரைவட்டமாக நான்கு குழிகள். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். எச்சிலின் புளிப்புக்குக் கீழே, அந்தப் பிரசவ அறையில் தரை துடைத்த மருந்தின் நெடி. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், வெயில் படாத மண்ணின் வாசம்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவள், மேசைமேல் கிடந்த சட்டையைக் கையில் எடுத்தாள்.

"எங்க வீட்டு ரெண்டும் சட்டையக் கடிச்சேதான் வளந்துச்சுங்க அண்ணி. உங்க பிள்ளை பெரிய கெட்டிக்காரன்போல, வயித்துல இருந்துக்கிட்டே…" என்று தொடங்கியவள் விரலில் ஈரம் பட்டதும் நிறுத்திக்கொண்டாள். குழிகளைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்குப் பல் முளைத்ததைப் பார்த்தவள்.

எலியாக இருக்கும் என்றாள் அவள்.

"இருக்கும்," என்றாள் நாத்தனார். சட்டையைக் கீழே வைத்து, கையைப் புடவையில் நெடுநேரம் துடைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அண்ணி, அந்த மஞ்சத் துணியில மிச்சம் இன்னும் வச்சிருக்கீங்களா?"

அவள் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"எங்கிட்டக் குடுத்துருங்க. போனதையே பாத்துக்கிட்டிருந்தா வர்றதைப் பாக்க முடியாது."

பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் நாத்தனார் படியேறும் ஓசை அடங்குமுன்பே அவள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தாள். ஒரு வயதும் இரண்டு மாதமும். முன்பற்கள் நான்கு. சதைப்பிடிப்பான முழங்கை. சட்டை அவனுக்குச் சிறிதாகிவிட்டது. மறுபடியும் சிறிதாகிவிட்டது. அவன் வளர்ந்துகொண்டிருக்கிறான், அந்த ஒரு கையை நுழைக்க இன்னமும் முயன்றுகொண்டிருக்கிறான். அவளை அச்சுறுத்தியது அதுகூட அல்ல. அவன் முயல்வது, வரப்போகிற பிள்ளையின் சட்டைக்குள்.

அவனுக்கென்று ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டால், இதை விட்டுவிடுவான் என்று நினைத்தாள். வேறு எதுவும் அவளுக்கு நினைக்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் மதியம் வீட்டில் யாருமில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் வடிவத்தாளை மீண்டும் அச்சிட்டாள். சுருக்காமல், நூறு விழுக்காட்டில். சதுரத்தை அளந்தாள். ஓர் அங்குலம். மறுபடியும் அளந்தாள். மூன்றாம் முறை அளக்கும்போது கண்ணீர் தாளில் விழுந்து சிவப்பு எழுத்து கரைந்தது. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்கான கோட்டில் கத்திரியை ஓட்டினாள். மஞ்சள் துணி சரியாக ஒரு சட்டைக்கு இருந்தது. ஒரு சாண்கூட மிஞ்சவில்லை.

தைத்துக்கொண்டே எண்ணினாள். சன்னலில் மழை மணலை வாரி இறைப்பதுபோல விழுந்தது. தையல் இயந்திரத்தின் தடதடப்பு மேசைக்கால் வழியாகத் தரையிறங்கி அவள் பாதத்தில் அதிர்ந்தது. எண்ணெயும் சூடான நூலும் கலந்த அந்தப் பழகிய மணத்தினூடே ஈரமண்ணின் வாசம் மெல்ல ஏறிவந்தது. மழைதான், என்று சொல்லிக்கொண்டாள். நான்காம் ஊசி. ஐந்தாம் ஊசி. வலது கையை இணைத்தாள். ஆறாம் ஊசியைத் திண்டில் குத்தியபோது இடது கையின் கடைசித் தையலும் முடிந்தது. நூலை அறுத்தாள்.

"போட்டுக்கிட்டுப் போயிரு கண்ணு," என்றாள் வாய்விட்டு. "இந்தத் தடவை அம்மா அளந்துதான் வெட்டினேன்."

மின்விசிறி நின்றது. மின்சாரம் போயிருக்க வேண்டும்.

தைத்த சட்டை உட்புறம் வெளியே இருந்தது. வலது கையைத் திருப்பினாள். பிறகு இடது கையின் விளிம்பு வழியாக இரண்டு விரல்களை உள்ளே விட்டாள். குழந்தைக்குச் சட்டை போடும்போதும் அப்படித்தான். விளிம்பு வழியே விரலை விட்டு, உள்ளே வரும் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். விரல்கள் முழங்கைவரை போயின.

அங்கே ஏதோ இருந்தது.

சில்லென்று இருந்தது. மெத்தென்று இருந்தது. நகங்கள், அரிசியைப்போல. ஐந்து.

அவை அவள் விரல்களைச் சுற்றி மூடின.

கத்த வேண்டும். கத்தவில்லை. கையை உதற வேண்டும். உதறவில்லை. செவிலி போதும் என்ற இடத்திலிருந்து, அவள் இழுத்தாள். இதமாக. துணி தடுக்கவில்லை. ஒரு சின்னக் கை, கொஞ்சம் கொஞ்சமாக, மஞ்சள் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. அளவு மிகச் சரியாக இருந்தது.

"போ," என்றாள். "போயிரு, கண்ணு."

பிடி விடவில்லை.

மேசைமேல் கிடந்த சட்டையின் மார்பு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. வலது கை நிரம்பியது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அங்கே காற்று மட்டும் ஈரமாக இருந்தது.

அவள் தட்டைப் பார்த்தாள். நான்கு ஊசி.

மற்றொரு கையால் வயிற்றை அழுத்தினாள். தட்டினாள். பெயர் வைக்காத பிள்ளையை என்ன சொல்லி அழைப்பது? மீண்டும் தட்டினாள். கைபேசி மேசையின் மறுமுனையில் இருந்தது. பிடித்திருந்த கையை இழுத்தாள். அதுவும் கூடவே வந்தது. மாடியில் நாத்தனாரின் பிள்ளைகள் ஓடும் ஓசை. குரல் எழும்பவில்லை. மழை. நான்கு ஊசி.

இரு மஞ்சள் கைகளும் அவளை நோக்கி உயர்ந்தன. தூக்கச் சொல்லும் குழந்தை உயர்த்துவதுபோல. அவள் விரல்களைப் பற்றியிருந்த அந்தக் கை, இப்போது, வெதுவெதுப்பாக இருந்தது.